இரண்டு வயர் தொட்டதற்கு ஒரு கார்டு போகலாமா?

தொழிற்சாலை எலக்ட்ரானிக்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (திருப்பூர்): சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போன மாதம் பி.எச். டிரான்ஸ்மிட்டரை (நீரின் அமிலத்தன்மையை அளந்து மின்சிக்னலாக அனுப்பும் கருவி) மாற்றும்போது எங்கள் பையன் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இரண்டு வயரைத் தெரியாமல் தொடவிட்டுவிட்டான். நான் பார்த்துப் பிரித்துவிடுவதற்குள் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பி.எல்.சி.யின் (ஆலையை இயக்கும் கணினி) அனலாக் கார்டில் (கருவிகளின் சிக்னலைப் படிக்கும் அட்டை) அந்தச் சேனல் போய்விட்டது. வெறும் 24 வோல்ட் டி.சி.தானே, அதில் எப்படிக் கார்டு எரியும்? கார்டின் விலையைப் பையன் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக முதலாளி சொல்கிறார்.

பதில்: முதலில் அந்தப் பையனின் சம்பளம். இந்தப் பதிலை முதலாளியிடம் காட்டுங்கள் ஐயா. நான் கோவை கணபதியில் முப்பது வருடமாகத் தொழிற்சாலை எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வந்த அனலாக் கார்டுகளில் இடி மின்னலால் போனவை குறைவு. பெரும்பாலும் இதே கதைதான்: ஒரு ஜங்ஷன் பாக்ஸ், ஒரு ஸ்க்ரூடிரைவர், இரண்டு வயர். டெர்மினலிலிருந்து கழற்றிய முனை விறைத்துக்கொண்டு நிற்கும், பக்கத்து முனையில் போய்ப் படும். கை நுழைய இடமில்லாத பெட்டிக்குள், வேர்வையோடு, தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு வேலை செய்கிறவரிடம் அது நடக்காது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வேலை நடக்கும் இடத்தில் வயர் தொடத்தான் செய்யும். அதைத் தாங்கும்படி பேனலைக் கட்டாதது கட்டியவரின் குறை. அதைப் பையன் தலையில் கட்ட வேண்டாம்.

சரி, 24 வோல்ட் எப்படி எரிக்கிறது என்று பார்ப்போம். உங்களுடையது இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். பேனலில் உள்ள 24 வோல்ட் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர் டிரான்ஸ்மிட்டருக்குப் போகிறது. இன்னொரு வயர் அங்கிருந்து திரும்பி அனலாக் கார்டுக்குள் நுழைந்து, உள்ளே ஒரு மின்தடை வழியாக மைனஸுக்குப் போய்ச் சேருகிறது. இதுதான் லூப். இந்த வட்டத்தில் கரண்டை 4 மில்லிஆம்பியருக்கும் 20 மில்லிஆம்பியருக்கும் நடுவே பிடித்து வைத்திருப்பது டிரான்ஸ்மிட்டர் மட்டும்தான். குழாயைத் திருகிப் பிடித்திருக்கும் கை அது. கார்டுக்குள் இருக்கும் மின்தடை பெரும்பாலும் 250 ஓம். 20 மில்லிஆம்பியரில் அதன் மேல் 5 வோல்ட் நிற்கும், சூடு 0.1 வாட். கால் வாட் ரெசிஸ்டரே அதற்கு அதிகம்.

பையன் தொடவிட்ட அந்த இரண்டு வயர்தான் டிரான்ஸ்மிட்டரின் இரண்டு வயர். தொட்டவுடன் குழாயைப் பிடித்திருந்த கை விலகிவிட்டது. 24 வோல்ட் முழுதும் நேராக அந்த 250 ஓம் மேல் விழுகிறது. 24-ஐ 250-ஆல் வகுத்துப் பாருங்கள்: 96 மில்லிஆம்பியர். சூடு 2.3 வாட், அதாவது வழக்கத்தைவிட 23 மடங்கு. கார்டுக்குள் அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு துண்டு இதைச் சுமக்க வேண்டும். சில கார்டுகளின் தகவல் தாளில் கரண்ட் இன்புட் அதிகபட்சம் 40 மில்லிஆம்பியர் தாங்கும் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் கார்டின் தாளிலும் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வாங்கும்போது யாரும் படிப்பதில்லை, எரிந்த பிறகுதான் படிக்கிறோம்.

உங்கள் சேனல் அடியோடு போனதில் ஒரு நல்லதும் இருக்கிறது. அரைகுறையாக வெந்த ரெசிஸ்டர் இதைவிட ஆபத்து. சூட்டில் பழுப்பேறிய ரெசிஸ்டர் சில சமயம் அறுந்துபோகாமல் மதிப்பு மட்டும் மாறி நிற்கும். 250 ஓம் 260 ஓம் ஆனது என்று வையுங்கள், நாலு சதவீதம் ஏற்றம். பி.எச். 0 முதல் 14 வரை 4–20 மில்லிஆம்பியர் என்றால், பி.எச். 7-க்கு 12 மில்லிஆம்பியர் வர வேண்டும். கார்டு அதை 12.48 என்று படிக்கும், திரையில் 7.42 என்று காட்டும். ஆசிட் டோசிங் பம்பு அதை நம்பி ஓடும். யாருக்கும் எந்த அலாரமும் வராது. ஒரு பட்டறையில் இப்படி மூன்று மாதம் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரோடை இரண்டு முறை மாற்றினார்கள், மீட்டரைச் சரிபார்க்கும் பஃபர் கரைசலைக் குறை சொன்னார்கள். கடைசியில் கார்டைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்த பிறகுதான் தெரிந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு உங்கள் ஊரில் ஒவ்வொரு குழாயிலும் ஒரு மீட்டர் வந்துவிட்டது. மீட்டர் காட்டும் எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு உள்ள ஊரில் இந்த ரெசிஸ்டரை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே கார்டின் மற்றச் சேனல்களையும் இப்போதே அளந்துவிடுங்கள். பவரை நிறுத்தி, வயரைக் கழற்றி, சேனலின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். எல்லாம் ஒரே மதிப்பைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அந்தச் சேனலை நம்பாதீர்கள்.

இனி என்ன செய்யலாம்? இன்றைக்கே செய்யக்கூடியது, ஒவ்வொரு லூப்பின் பிளஸ் வயருக்கும் பேனலில் கத்தி வகைப் பிரிப்பு டெர்மினல் போடுவது. ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கும் முன் அந்தக் கத்தியைத் தூக்கிவிட்டால் லூப்பில் உயிர் இல்லை. கழற்றிய முனைக்கு உடனே டேப் சுற்றுவதும் பழக்கமாகட்டும். ஆனால் இவை இரண்டும் மனிதரின் ஞாபகத்தை நம்பியவை. இரவு ஷிப்டில் ஞாபகம் தவறும். அதனால் முக்கியமான சேனல்களுக்காவது, கார்டுக்கும் களத்துக்கும் நடுவே டிரான்ஸ்மிட்டருக்குத் தானே சப்ளை தரும் வகைச் சிக்னல் ஐசோலேட்டர் (இரண்டு பக்கத்தையும் மின்தொடர்பின்றிப் பிரித்து, சிக்னலை மட்டும் கடத்தும் கருவி) ஒன்றை வையுங்கள். இப்படிப்பட்ட ஐசோலேட்டர்களில் பெரும்பாலானவை வெளியே ஷார்ட் ஆனால் கரண்டைத் தாமே மட்டுப்படுத்திக்கொள்ளும். வயர் பிரிந்ததும் பழையபடி ஓடும். கார்டுக்கு விஷயமே தெரியாது.

எல்லாச் சேனலுக்கும் ஐசோலேட்டர் வைக்கப் பணம் இல்லையா? கீழே ஓசூர், மதுரை வாசகர்களுக்குச் சொல்லியிருப்பதையும் படியுங்கள்.

கேள்வி (ஓசூர்): அனலாக் கார்டு எரிந்த அனுபவத்தால், ஒவ்வொரு சேனலுக்கும் 63 மில்லிஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் போட்டேன். அப்படியும் ஒருமுறை ஷார்ட்டில் கார்டு போனது, ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. கடைக்காரர் போலி ஃபியூஸ் கொடுத்துவிட்டாரா?

பதில்: இல்லை. ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. இந்தக் கேள்வியை எனக்கு நிறைய பேர் நேரில் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபியூஸில் எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டியதும் அது உருகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இந்த வகைச் சின்ன ஃபியூஸ்களுக்கான ஐ.இ.சி. 60127 என்ற சர்வதேசத் தரத்தில், வேகமாகப் போகும் கண்ணாடி ஃபியூஸ் தன் அளவைப்போல் ஒன்றரை மடங்கு கரண்டைக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. 2.1 மடங்கில்கூட அரை மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஷார்ட்டில் ஓடிய கரண்ட் எவ்வளவு? மேலே போட்ட அதே கணக்கு, 96 மில்லிஆம்பியர். 63-ஐப்போல் ஒன்றரை மடங்குதான். ஃபியூஸ் ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும், ரெசிஸ்டர் சில நிமிடத்தில் வெந்துவிடும்.

கரண்ட் லூப்பின் தனிக் குணமே இதுதான். மோட்டாரில் ஷார்ட் ஆனால் கரண்ட் பல மடங்கு எகிறும், ஃபியூஸ் அதை உடனே பார்த்துவிடும். இங்கே 20 நல்ல கரண்ட், 96 கெட்ட கரண்ட். இடைவெளி ஐந்து மடங்குகூட இல்லை. காரணம், நாம் காப்பாற்ற நினைக்கும் அந்த 250 ஓம்தான் கரண்டையும் கட்டுப்படுத்துகிறது. தன் உயிரைக் கொடுத்து ஃபியூஸைக் காப்பாற்றுகிறது!

32 மில்லிஆம்பியர் ஃபியூஸ் போட்டால் 96 என்பது மூன்று மடங்கு. அது அரை நொடிக்குள் போய்விடும், கார்டு தப்பும். ஆனால் இவ்வளவு சின்ன ஃபியூஸின் கம்பிக்கே பத்துக் கணக்கில் ஓம் இருக்கும், அதை லூப்பின் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஷார்ட்டுக்கும் ஒரு ஃபியூஸ் போகும். ஸ்டோரில் 32 மில்லி இல்லை என்று யாராவது 1 ஆம்பியர் போட்டுவிட்டுப் போனால் கதை பழையபடி. இது அடிக்கடி நடக்கிறது. ஃபியூஸ் டெர்மினலைத் திறந்து பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி இருந்த பேனல்களும் எனக்குப் பழக்கம்.

தானாக மீளும் பாலி ஃபியூஸ் போடலாமே என்பீர்கள். அதுவும் தனியாக நின்றால் ஏமாற்றும். 50 மில்லிஆம்பியர் தாங்கும் என்று எழுதியது நிச்சயமாக ட்ரிப் ஆக, அதாவது சூடாகி வழியை அடைக்க, 100-லிருந்து 150 வரை தேவைப்படும். நம்மிடம் இருப்பது 96. ட்ரிப் ஆகலாம், ஆகாமலும் போகலாம். கோடையில் பேனலுக்குள் 55 டிகிரி இருக்கும்போது ஆகிவிடும், மார்கழிக் காலையில் ஆகாது. உங்கள் ஓசூர்க் குளிரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு வழி, பாலி ஃபியூஸுக்குப் பின்னால், கார்டின் பிளஸ் மைனஸ் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸீனர் டயோடு போடுவது. 6.8 வோல்ட், 5 வாட். 1என்5342 என்று கேட்டால் கிடைக்கும். வழக்கமாக 5 வோல்ட்டுக்கு மேல் போகாத இடத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும். ஷார்ட்டில் வோல்டேஜ் ஏறியதும் விழித்துக்கொண்டு கரண்டைத் தன் வழியே இழுக்கும். இப்போது பாலி ஃபியூஸின் மேல் ஓடுவது 96 மில்லி அல்ல, அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் என்று எகிறும். அது சட்டென்று சூடாகி வழியை அடைத்துவிடும். கார்டின் 250 ஓம் கடைசிவரை 6.8 வோல்ட்டைச் சுற்றித்தான் பார்க்கும்: 27 மில்லிஆம்பியர், 0.2 வாட்.

ஸீனரை 5.1 வோல்ட்டில் போட்டுவிடாதீர்கள். காவல் இன்னும் இறுக்கமாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் அந்த அளவு ஸீனர் 5 வோல்ட்டிலேயே நிறையக் கசியும். கசிந்தது கார்டின் கணக்கில் வராது, ரீடிங் மேல்பக்கம் குறைவாகக் காட்டும். 6.8-லும் சில மைக்ரோஆம்பியர் கசியலாம். 16 பிட் கார்டில் ஒரு படி என்பது 0.3 மைக்ரோஆம்பியர்தான். அத்தனை துல்லியம் உங்களுக்கு வேண்டுமென்றால் ஸீனரைப் போட்ட பிறகு அந்தச் சேனலை ஒருமுறை காலிபரேட் செய்துகொள்ளுங்கள். கழிவுநீர், டேங்க் லெவல் போன்றவற்றுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி (மதுரை): டிப்ளமோ இறுதி ஆண்டு படிக்கிறேன். 4–20 மில்லிஆம்பியர் சிக்னலை வாங்க நானே ஒரு போர்டு செய்தேன். 150 ஓம் ரெசிஸ்டர், அதன் முனையிலிருந்து நேராக 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரின் பின்னுக்கு. செயல்விளக்கம் செய்தபோது வயர் மாறி 24 வோல்ட் இன்புட்டில் பட்டு மைக்ரோகன்ட்ரோலரே போய்விட்டது. எப்படித் திருத்துவது?

பதில்: தம்பி, படிக்கும்போதே இது எரிந்தது நல்லதுக்குத்தான். கணக்கைச் சரியாகவே தொடங்கியிருக்கிறாய்: 150 ஓமில் 20 மில்லிஆம்பியருக்கு 3 வோல்ட், 3.3-க்குள் அடங்கும். இனி கெட்ட நாளுக்கான கணக்கையும் போடு. 24 வோல்ட் 150 ஓமில் விழுந்தால் 160 மில்லிஆம்பியர், 3.84 வாட். பின்னில் 24 வோல்ட்.

முதல் திருத்தம் ஐந்து பைசா வேலை. ரெசிஸ்டர் முனைக்கும் பின்னுக்கும் நடுவே 10 கிலோஓம் ஒன்றைத் தொடராகப் போடு, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். 24 வோல்ட் வந்தாலும் பின்னுக்குள் 2 மில்லிஆம்பியர்தான் நுழைய முடியும். பின்னிலிருந்து 3.3-க்கும் கிரவுண்டுக்கும் வெளியே இரண்டு சின்ன ஷாட்கி டயோடு வைத்தால் அந்த 2 மில்லியையும் அவை வாங்கிக்கொள்ளும். இன்னொன்றும் இதில் அடங்குகிறது. உன் போர்டுக்குப் பவர் இல்லாமல் லூப்புக்கு மட்டும் பவர் இருக்கும் நேரம் உண்டு. அப்போது பின் வழியாகக் கரண்ட் நுழைந்து சிப்பைப் பாதி உயிரில் எழுப்பிவிடும். 10 கிலோஓம் அதையும் தடுக்கும்.

அடுத்தது 150 ஓமைக் காப்பாற்றுவது. இரண்டு வழி எனக்குப் பிடிக்கும். ஒன்று, எரியவே முடியாத ரெசிஸ்டர். 600 ஓம் 2 வாட் நான்கைப் பக்கவாட்டில் இணைத்தால் 150 ஓம் 8 வாட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாட்டுக்குக் கீழே வரும், எத்தனை மணி நேரம் ஷார்ட் இருந்தாலும் தாங்கும். 600 கடையில் கிடைக்காது என்றால் 620 போட்டு 155 ஓமாக எடுத்துக்கொள், மென்பொருளில் எண்ணை மாற்றினால் போதும். போர்டு சூடாகும், இடம் பிடிக்கும், ஆனால் இதைவிட எளிமையான காவல் கிடையாது.

இரண்டாவது, கரண்டையே 30-க்கு மேல் போகவிடாத ஒரு வேலி. பி.டி.139 டிரான்சிஸ்டர் ஒன்று, பி.சி.547 ஒன்று, 22 ஓம் ஒன்று, 4.7 கிலோஓம் ஒன்று. லூப்பின் வயர் பி.டி.139-ன் கலெக்டரில் நுழைகிறது. கலெக்டரிலிருந்து பேஸுக்கு 4.7 கிலோஓம். எமிட்டரிலிருந்து 22 ஓம் வழியாக உன் 150 ஓமுக்கு. பி.சி.547-ன் பேஸ் 22 ஓமின் மேல்முனையில், எமிட்டர் கீழ்முனையில், கலெக்டர் பி.டி.139-ன் பேஸில். 22 ஓமின் மேல் 0.6 வோல்ட் ஏறியதும், அதாவது 27 மில்லிஆம்பியரில், சின்ன டிரான்சிஸ்டர் திறந்து பெரியதன் பேஸை இழுத்து அடக்கும். 4.7 கிலோஓம் வழியாக வரும் மூன்று நான்கு மில்லியையும் சேர்த்தால் மொத்தம் 30-ஐச் சுற்றி நிற்கும். அப்போது 150 ஓம் மேல் 4.5 வோல்ட்தான். 10 கிலோஓமைத் தாண்டிப் பின்னுக்குள் நுழைவது 0.1 மில்லிஆம்பியர். பி.டி.139-ல் அரை வாட் சூடு வரும், அதை அந்த உடம்பு தாங்கும். வயர் பிளஸ் மைனஸ் மாறினால் காக்க, முன்னால் 1என்4007 ஒன்றைத் தொடராக வை.

வேலியை எந்த இடத்தில் கட்டுவது என்பதில் பலரும் தவறுவார்கள். 24 வோல்ட் புறப்படும் இடத்தில் கட்டினால் டிரான்ஸ்மிட்டர் ஷார்ட் ஆவதை மட்டும் காக்கும். பக்கத்துக் கேபிளின் 24 வோல்ட் வந்து உன் இன்புட்டில் பட்டால் காக்காது. உனக்கு நடந்தது இந்த இரண்டாவது வகைதான். அதனால் இன்புட் வாசலிலேயே கட்டு.

இதெல்லாம் சும்மா கிடைப்பதில்லை. டயோடும் வேலியும் சேர்ந்து 20 மில்லிஆம்பியரில் 3 வோல்ட்டுக்குள் சாப்பிடும். 24-லிருந்து அந்த 3, 150 ஓமின் 3, இரண்டையும் கழித்தால் டிரான்ஸ்மிட்டருக்கு 18. நிறைய டிரான்ஸ்மிட்டர்களுக்கு 12 போதும். நீண்ட கேபிள், இடையில் இண்டிகேட்டர் என்று வரும்போது இந்தக் கழித்தலைத் தவறாமல் செய். வேலியை 22-க்குக் கீழே இறக்கவும் கூடாது. நாமுர் என்ற தொழிற்சாலைக் கருவிப் பயனர் அமைப்பின் என்.இ. 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 மில்லிஆம்பியர் வரை அளவீடு. 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் கோளாறு அறிவிப்பு. டிரான்ஸ்மிட்டர் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று 21.5 அனுப்பும்போது உன் வேலி அதன் வாயை அடைத்துவிடக் கூடாது. மென்பொருளிலும் அந்த எல்லைகளை எழுதிவிடு. 0 வந்தால் வயர் அறுந்தது, ரீடிங் உச்ச எண்ணிலேயே ஒட்டி நின்றால் ஷார்ட் என்று திரையில் தமிழில் காட்டு. பராமரிப்பு வேலை பார்ப்பவர் உன்னை வாழ்த்துவார்.

கேள்வி (கடலூர்): ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் டேங்க் லெவல் பத்து சதவீதத்துக்கு மேல் கூடிக் காட்டுகிறது. மழை விட்டு வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது. டிரான்ஸ்மிட்டரை மாற்றியும் பார்த்துவிட்டோம்.

பதில்: டிரான்ஸ்மிட்டரில் ஒன்றுமில்லை. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள், தண்ணீர் இருக்கும், அல்லது டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். திருப்பூரில் நடந்தது முழு ஷார்ட், உங்களுக்கு நடப்பது அதன் தம்பி. கடற்கரை ஊரின் உப்புப் படிந்த ஈரம் டிரான்ஸ்மிட்டரின் இரண்டு வயருக்கு நடுவே 10 கிலோஓம் போல ஒரு பாதை போட்டிருந்தால், அங்கே நிற்கும் சுமார் 20 வோல்ட்டில் 2 மில்லிஆம்பியர் கூடுதலாக ஓடும். 16-ல் 2 என்பது 12.5 சதவீதம். கணக்கு உங்கள் ரீடிங்கோடு பொருந்துகிறது.

சோதிப்பது எளிது. மழை நாளில், ஜங்ஷன் பாக்ஸில் டிரான்ஸ்மிட்டர் பக்கத்து வயர் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். கரண்ட் 0-வுக்கு இறங்க வேண்டும். 1, 2 என்று ஏதாவது மிச்சம் நின்றால் அது ஈரத்தின் வழியாக வருவது. இதற்கு எந்தக் காவல் சர்க்கியூட்டும் உதவாது. கேபிள் கிளாண்ட் (பெட்டியில் கேபிள் நுழையும் இறுக்கு வாய்) மேலே இருந்தால் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள், கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றுங்கள், பயன்படாத துளைகளுக்கு மூடி போடுங்கள். டெர்மினலை மாற்றும்போது பிளஸ்ஸுக்கும் சிக்னலுக்கும் நடுவே ஒரு டெர்மினலைக் காலியாக விட்டால் இன்னும் நல்லது. அப்படி விட்டால் ஸ்க்ரூடிரைவர் நழுவினாலும் தப்பிக்கலாம்.

கேள்வி (தூத்துக்குடி): ஒரே லூப்பில் களத்து இண்டிகேட்டர், பி.எல்.சி., ரெக்கார்டர் மூன்றும் தொடராக இருக்கின்றன. பி.எல்.சி. கார்டைக் கழற்றினால் மற்ற இரண்டும் 0 ஆகிவிடுகின்றன. தடுக்க முடியுமா?

பதில்: முடியும். கார்டின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே, வயர் பக்கத்தில், அதே 6.8 வோல்ட் ஸீனரைப் போடுங்கள். கார்டு இருக்கும்போது 5 வோல்ட்தான் என்பதால் ஸீனர் குறுக்கிடாது. கார்டைக் கழற்றினால் கரண்ட் ஸீனர் வழியே தொடர்ந்து ஓடும், மற்ற இரண்டும் உயிரோடு இருக்கும். கூடுதலாகப் போகும் 1.8 வோல்ட்டுக்குச் சப்ளையில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட லூப்பில் பி.எல்.சி. பக்கம் ஃபியூஸ் வைத்தால் ஸீனர் ஃபியூஸுக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும்போது மூன்றும் சேர்ந்து போகும்.

கேள்வி (ராணிப்பேட்டை): இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பிரிவில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் பழைய பேனலில் 230 வோல்ட் கண்ட்ரோல் வயர்களும் அனலாக் வயர்களும் ஒரே டெர்மினல் வரிசையில் இருக்கின்றன. அடுத்த வாரம் ஷட் டவுனில் புதிய அனலாக் கார்டுகளை மாட்டும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. 230 வந்தாலும் கார்டு தப்பிக்க என்ன போட வேண்டும்?

பதில்: சகோதரி, அந்தப் பயம் சரியான பயம். அதை வைத்துக்கொண்டே வேலை செய்யலாம். 230 வோல்ட் 250 ஓமில் விழுந்தால் 212 வாட், ரெசிஸ்டர் வெடிக்கும். மேலே சொன்ன ஸீனர், டிரான்சிஸ்டர் வேலி எதுவும் இதற்கு ஈடுகொடுக்காது. உச்சத்தில் அது 325 வோல்ட். கண்ணாடி ஃபியூஸும் அங்கே வேண்டாம், மணல் நிரப்பிய செராமிக் ஃபியூஸ்தான். ஐசோலேட்டர் வைத்திருந்தால் அது போகும், கார்டு தப்பும். ஆனால் இதற்கு உண்மையான மருந்து பிரித்து வைப்பதுதான். ஷட் டவுனில் நேரம் கேட்டு வாங்கி, 230 வயர்களை வேறு வரிசைக்கு, வேறு கேபிள் ட்ரேக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் நடுவே ஒரு தடுப்புத் தகடாவது வையுங்கள், வயர் முனையில் மாட்டும் ஃபெர்ரூலின் நிறத்தையாவது மாற்றுங்கள்.

கார்டு மாட்டும் அன்று இப்படிச் செய்யுங்கள். வயர்களை எல்லாம் கார்டின் முன் கனெக்டரில் இணைத்துவிட்டு, கனெக்டரைக் கார்டில் செருகாமல் தொங்கவிடுங்கள். பவர் போடச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. 750 வோல்ட் நிலையில் வைத்து ஒவ்வொரு முனையையும் மைனஸோடும் எர்த்தோடும் அளந்து எழுதுங்கள். எங்கேயாவது பத்து வோல்ட்டுக்கு மேல் ஏ.சி. வந்தால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். அது முடிந்ததும் டி.சி. சோதனை. வெறும் மீட்டர் வைத்தால் நல்ல லூப்பும் ஷார்ட் ஆன லூப்பும் ஒரே மாதிரி 24-ஐ ஒட்டித்தான் காட்டும், அதை நம்பாதீர்கள். 270 ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, இரண்டு முனையிலும் வயர் பற்றவைத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சேனலின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே வைத்து, அதன் மேல் வோல்ட் பாருங்கள். 1.1-க்கும் 5.4-க்கும் நடுவே நின்றால் டிரான்ஸ்மிட்டர் குழாயைப் பிடித்திருக்கிறது. 0 என்றால் அறுந்திருக்கிறது, அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. 24 என்றால் களத்தில் எங்கோ ஷார்ட். அந்தச் சேனலின் வயரைக் கனெக்டரிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிட்டு, மற்றதைச் செருகுங்கள். எட்டுச் சேனல் கார்டுக்கு இருபது நிமிடம் ஆகும். எழுதிய தாளைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், அடுத்து அங்கே வந்து நிற்பவருக்கு உதவும்.